மேஷத்துக்கு எந்தக் கொட்டான்?

ஏழு ஓலைக் கொட்டான்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் துணிக் கிளிப்பில் ஓர் அட்டை: கதை, பாட்டு, செய்தி, தகவல், செய்முறை, அறிவிப்பு, விடுகதை. கையில் கிடைத்த துண்டைப் படித்துப் பார்த்து அதற்குரிய கொட்டானில் போட வேண்டும். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்துப் பதினேழு பேர். பாதிப் பேர் போட்டு முடித்துவிட்டு, அடுத்தவர் போட்டதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தான். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காகிதத் துண்டு. தினசரிக் காலண்டர் தாளிலிருந்து கத்தரித்தது. 'மேஷம் – லாபம்' என்று அச்சிட்டிருந்தது.

"இதற்கு எந்தக் கொட்டான் டீச்சர்?"

"அதை அந்தப் பக்கம் வை, பிறகு பார்க்கலாம்" என்றேன். பத்தொன்பது ஆண்டு டீச்சர் வேலையில் நான் அதிகம் சொன்ன பொய் இந்தப் 'பிறகு பார்க்கலாம்'தான். பெரும்பாலும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இவன் மறக்கவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போதே சட்டைப்பையிலிருந்து அதே துண்டை எடுத்து நீட்டினான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிப்பது கதையா, கட்டுரையா, செய்தியா என்று பிரித்தறியச் சொல்லிக்கொடுப்பது தொடக்கப்பள்ளியிலேயே எளிய வேலை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன்: 'கதை என்பது கற்பனை. கட்டுரை என்பது உண்மை. செய்தி என்பது நடந்தது.' பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். பள்ளிப் பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்தச் சார்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்; எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதே பிள்ளைகள் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால் விஷயம் வேறாக இருந்தது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடச் சொல்லும் சமையல் குறிப்பையும், நரி திராட்சைக்குத் தாவிய கதையையும், ரயில் நேரம் மாறிய செய்தியையும் ஒரே ராகத்தில் இழுத்து வாசித்தார்கள். கடைசிச் சொல்லில் ஒரு நீட்டல், ஒரு மூச்சு, பிறகு அடுத்த வாக்கியம். எதைக் கொடுத்தாலும் அவர்களுக்கு அது ஒரே வகைதான்: பாடம்.

தாளுக்குப் பஞ்சம் இல்லை. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்து சேர்ந்தன. ஊஞ்சல் என்ற சிறுவர் இதழ் வருகிறது. நானும் வீட்டில் வாங்கும் நாளிதழை மறுநாள் எடுத்துப் போவேன். பலவகைத் தாள்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அதற்கேற்றபடி படிக்கும் பழக்கம்தான் வரவில்லை.

இரண்டு யானைகள், பிறகு இன்னொன்று

ஜூலையில் ஒரு நாள், சார்ட்டை நம்பிப் பயனில்லை என்று இரண்டு துண்டுகளை நானே எழுதிக் கொடுத்தேன். முதலாவது: 'யானைகள் கூட்டமாக வாழும். வயதில் மூத்த பெண் யானை கூட்டத்தை வழிநடத்தும். யானைக்குட்டி தாயின் வயிற்றில் ஏறத்தாழ 22 மாதம் இருக்கும்.' இரண்டாவது: 'செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பொன்னி என்றொரு கிழட்டு யானை இருந்தது. கோடைகாலம் வந்தது. பொன்னி தன் கூட்டத்தைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனது. வழியில் ஒரு குருவி அதன் காதருகே வந்து, இந்தப் பக்கம் போகாதே என்றது.' செண்பகத்தோப்பு எங்களுக்குத் தொலைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மலை தெரியும்.

எது கற்பனை என்று கேட்டேன். எல்லோரும் இரண்டாவதைக் காட்டினார்கள். குருவி பேசுகிறதாம். சரி என்று அடுத்த வேலைக்குத் திரும்பப் போனேன். ஒருத்தி மட்டும் இரண்டு தாளையும் அருகருகே வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெண் யானை கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவது இரண்டிலும் இருக்கிறது டீச்சர். இந்தத் தாளில் அது உண்மை, இந்தத் தாளில் பொய்யா?"

சுவரில் இருந்த சார்ட்டை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் படித்தேன் என்று நினைக்கிறேன். குருவி வாக்கியத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டால் இரண்டாவது துண்டில் கற்பனை என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. ஆனாலும் அது கதைதான். எல்லோருக்கும் அது கதை என்று தெரிகிறது. எதை வைத்துத் தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நான்காம் வகுப்பிலிருந்து ஒரு குரல்: "அதில் யானைக்குப் பெயர் இருக்கிறது. இதில் யானைகள் என்று சும்மா இருக்கிறது." இன்னொருவன்: "அதில் போனது, வந்தது. இதில் வாழும், இருக்கும்."

இதைத்தான் நாங்கள் பிற்பாடு 'வால்' என்று பெயர் வைத்து ஒரு மாதம் விளையாடினோம். வினைமுற்று என்ற சொல்லை இலக்கணப் பகுதியில் நடத்தும்போது கொட்டாவி விட்ட பிள்ளைகள், வால் என்றதும் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். சமையல் குறிப்பின் வால் 'போடவும், கிளறவும், இறக்கவும்'. நாளிதழின் வால் 'என்றார், தெரிவித்தார், கூறப்படுகிறது'. ரேஷன் கடைப் பலகையின் வால் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. அந்த நீளமான வாலைச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வீட்டிலும் எவரும் எவரையும் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. ஒருத்தி தன் பாட்டி சொல்லும் குழம்புக்கு வால் 'போடு, கிளறு, இறக்கு' என்று வருகிறது, அச்சடித்தால்தான் 'உம்' ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தாள். எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. வாலைப் பிடிக்கத் தொடங்கியதும் ராகம் உடைந்தது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' வந்தால் குரலைத் தடிப்பாக்கினார்கள். 'என்றது' வந்தால் குருவியாக மாறினார்கள். சமையல் குறிப்பை நிறுத்தி நிறுத்தி, செய்து பார்க்கும் வேகத்தில் வாசித்தார்கள்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது. தமிழில் ஓர் எழுத்து என்ன வகை என்பது அதன் வாலில் இருக்கிறது என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது தப்பும் இல்லை. பிறகு விடுகதைத் துண்டுகளைச் சேர்த்த வாரத்தில் 'பிறை கவ்வி மலை நடக்கும்' என்ற பழைய பிசியை, அதாவது விடுகதையை, எழுதிக் கொடுத்தேன். ஒருவன் அதைக் கொண்டுபோய்த் தகவல் கொட்டானில் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நடக்கும் என்றுதானே இருக்கிறது? வாழும், இருக்கும், நடக்கும்" என்றான். நான் சொல்லிக்கொடுத்த விதிப்படி அவன் சொன்னதுதான் சரி. வால் தகவலின் வால். தலையோ மலை நடக்கிறது என்கிறது. தலையும் வாலும் ஒட்டாதபோது, நாம் வெளியே தேடிப் போக வேண்டியிருக்கிறது. போனால் தந்தத்தோடு யானை நிற்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். விதி கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஒரு தாளில் இத்தனை பேர்

எங்கள் பக்கத்தில் காலண்டர் சோறு போடும் பொருள். சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருடைய வீட்டிலாவது ஒருவர் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, அச்சாபீசுக்கோ போவார். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை வேலை. தீபாவளி முடிந்த கையோடு ஒரு நாள், வகுப்பில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கத்தரிக்கோலும் கொடுத்தேன். ஒரு தாளுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்று வெட்டி எடுக்க வேண்டும். இதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவுத் தாளில் பத்துப் பேர் பத்துக் குரலில் பேசுகிறார்கள்.

'அரசு விடுமுறை' என்ற சிவப்பு எழுத்து அறிவிப்புக்குப் போனது. சூரிய உதயம் தகவலுக்கு. பின்பக்கத்தில் இருந்த கை வைத்தியத்தில் ஒரு சண்டை. 'இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து குடிக்க, இருமல் தணியும்.' குடிக்க என்பது செய்முறை, தணியும் என்பது தகவல் என்று இரண்டு பேர் இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் வாக்கியத்தை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். 'சூலம் – கிழக்கு, பரிகாரம் – தயிர்' என்பதை ஒருத்தி எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்முறையில் போட்டாள். தயிர் என்று வந்தால் அவளுக்குச் சமையல். ராகு காலத்தைக் கையில் எடுத்ததும், 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். திங்கள் ஏழரை, சனி ஒன்பது என்று ஒன்றரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாக ஏறிக்கொண்டு போகும் அந்த வரியைப் பாட்டிமார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாட்டுக் கொட்டானில் போடட்டுமா என்று கேட்டார்கள். போடச் சொன்னேன்.

அப்போதுதான் மேஷம் வந்தது.

'பிறகு பார்க்கலாம்' செல்லுபடியாகாத மறுநாள் காலையில், துண்டை எல்லோருக்கும் பொதுவாகக் கரும்பலகையில் ஒட்டினேன். வாலைப் பாருங்கள் என்றேன். பழக்க தோஷம். துண்டைக் கொண்டுவந்தவனே சொன்னான்: "வாலே இல்லை டீச்சர்."

இல்லைதான். மேஷம் – லாபம். ரிஷபம் – சுகம். மிதுனம் – பகை. கடகம் – வெற்றி. பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு பெயர்ச்சொல். வந்ததா, வருகிறதா, வருமா? யாருக்கு, யாரிடமிருந்து? ஒன்றும் இல்லை. வார இதழ்களில் வரும் ராசிபலனிலாவது 'உண்டாகும்', 'கூடும்', 'தவிர்க்கவும்' என்று ஏதாவது ஒரு வால் ஆடும். காலண்டர்க்காரருக்கு இடம் இல்லை, வினையை வெட்டிவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் தினமும் காலையில் இதைப் பார்த்து வருகிறேன். இதில் வினைமுற்று இல்லை என்பது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

"செய்தியில் போடலாம், இன்றைக்கு நடப்பதைச் சொல்கிறது" என்றாள் ஒருத்தி. துண்டுக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா காலண்டர் ஆபீசில் தாள் அடுக்கும் வேலைக்குப் போகிறவர். "அடுத்த தைமாதத் தாளை எங்கள் அம்மா இப்போதே அடுக்கிக்கொண்டிருக்கிறது. செய்தி என்றால் நடந்த பிறகுதானே எழுதுவார்கள்?" அதற்கு மற்றவள்: "அப்படியானால் சூரிய உதயமும்தான் இப்போதே அடித்துவிட்டார்கள். அதை மட்டும் தகவலில் போட்டோம்?" அவன் யோசித்துவிட்டு இன்னொன்று சொன்னான். அரசு விடுமுறைப் பட்டியல் வராமல் தாளை முழுவீச்சில் அடிக்க மாட்டார்களாம், ஆபீசில் எல்லோரும் அதற்குத்தான் காத்திருப்பார்களாம். "விடுமுறைக்குக் காத்திருக்கிறார்கள். ராசிபலனுக்கு யாரும் காத்திருக்கவில்லை."

இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. ராசிபலன் எல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை; பத்தரை மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று வங்கி ஊழியரை அவசரப்படுத்தியவள் நான். அந்த வாயால் பிள்ளைகளுக்குப் பகுத்தறிவு சொல்லிக்கொடுப்பது நன்றாக இருக்காது. தவிர, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஒரு கொட்டானில் போட்டால், அது மறுபடியும் சார்ட் அட்டைதானே?

"எழுதி வைத்துப் பார்ப்போம்" என்றேன்.

இரண்டு வாரம்

பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டோம். சூரிய உதயம், நாளிதழின் வானிலை, ராசிபலன். பள்ளி நாள் பத்து. தினமும் மாலை மணி அடிப்பதற்கு முன்னால் சரியா தப்பா என்று குறிக்க வேண்டும். ராசி தெரியாத நான்கு பேர் இருந்தார்கள். அன்றன்றைக்கு எந்த ராசிக்கு நல்ல சொல் வந்திருக்கிறதோ அதில் சேர்ந்துகொண்டார்கள்.

ஐப்பசியில் சூரிய உதயம் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாதி நாள் மேகம். பார்க்க முடிந்த நாள்களில் ஓரிரு நிமிடம் முன்பின்னாக இருந்தது. இது எந்த ஊர் உதயம் என்று தாளில் போடவில்லையே என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி, பதில் தாளிலேயே இருந்திருக்க வேண்டும். வானிலை மூன்று நாள் காலை வாரியது. 'மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது' என்று போட்ட அன்று வெயில் சுட்டது. வறண்ட வானிலை என்ற அன்று சத்துணவுக் கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போனோம்.

ராசிபலன் பத்து நாளும் பலித்தது.

பதினேழு பேருக்கும். துண்டுக்காரனுக்கு 'லாபம்' வந்த அன்று இரண்டு பேர் பள்ளிக்கு வரவில்லை, அவன் தட்டில் இரண்டாவது முட்டை விழுந்தது. 'பகை' வந்தவளோடு பக்கத்தில் இருப்பவள் பேசவில்லை. 'செலவு' வந்தவன் பென்சிலைத் தொலைத்தான். 'பயம்' வந்தவன் வாய்பாடு ஒப்பிக்க வேண்டியிருந்தது. 'தாமதம்' வந்த அன்று பஸ் தாமதமாக வந்தது. ராசிபலன் மீனத்துக்குத்தான், ஆனால் அந்த பஸ்ஸில் பன்னிரண்டு ராசிக்காரர்களும் இருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் நடந்தவைதான்.

ஐந்தாம் நாளே எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால், விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படம் பார்த்துச் சொல்லும் வானிலை பத்துக்கு ஏழு. மேஷம் பத்துக்குப் பத்து. எதை நம்புவாய் என்று பிள்ளைகளைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் ஆரம்பித்த காரியம் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் ஒரு வேலை செய்தேன். காலையில் ராசிபலன் வாசிப்பது என் முறை. அன்றைய தாளை விட்டுவிட்டு, புரட்டாசியில் கிழித்த ஏதோ ஒரு தாளை வாசித்தேன். மாலையில் வழக்கம்போல எல்லோரும் 'சரி' என்று குறித்தார்கள். கும்பத்துக்கு 'மேன்மை', அவளை அன்று லீடராக்கியிருந்தேன். அதன் பிறகு தாளைத் திருப்பித் தேதியைக் காட்டினேன். வகுப்பில் சத்தமே இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்ற கோபம் இரண்டு மூன்று முகங்களில் தெரிந்தது. முதலில் சிரித்தது கும்பம்தான். "அப்படியானால் நான் லீடரானது எந்தத் தேதிக் கணக்கு?" என்றாள்.

நான் எதுவும் விளக்கவில்லை. விளக்க எனக்கு வரவும் இல்லை. மீதி இரண்டு நாளும் கட்டத்தை நிரப்பினோம். பத்தாம் நாள், துண்டை என்ன செய்யலாம் என்று கேட்டேன். வெயிலடித்த நாளில் மழை என்று போட்ட வானிலையைச் செய்தியிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். "மழை வரவில்லை என்றால் வரவில்லை டீச்சர். அதை வந்தது என்று மாற்றிச் சொல்ல முடியாது." காலில் ஒரு சொட்டு விழுந்தால் மழையா என்று ஒருவன் வம்புக்கு இழுத்தான். அதற்கும் 'மிதமான' என்று எழுதியிருக்கிறதே என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை அவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிது.

"மேஷத்துக்கு?"

அவன் எழுந்து வந்து கரும்பலகையிலிருந்து துண்டை உரித்தான். இரண்டு வாரத்தில் பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. கொட்டான் வரிசையின் ஓரத்துக்குப் போய் அதை விடுகதையில் போட்டான்.

"மேஷம், லாபம். அது என்ன?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டான்.

"இரண்டாவது முட்டை!"

"மிதுனம், பகை. அது என்ன?"

அவளோடு பேசாதவளின் பெயரைப் பதினைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். அவள் உட்படச் சிரித்தார்கள். "பதிலை நாம்தானே டீச்சர் சொல்கிறோம், அவர்கள் எங்கே சொன்னார்கள்?" என்றான். மலை நடக்கும் என்ற விடுகதைக்கு யானை என்ற ஒரு பதில்தான், இதற்கு ஆளுக்கொரு பதில் வருகிறதே என்று நான் மடக்கப் பார்த்தேன். யானை என்று சொன்னால் விடுகதை போட்டவர் ஆம், இல்லை என்பார். காலண்டர்க்காரரிடம் போய்க் கேட்க முடியாதே, அதனால்தான் எல்லாப் பதிலும் சரியாகிவிடுகிறது என்றாள் கும்பம். நான் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றிரவு பி.லிட். படித்த காலத்துத் தொல்காப்பியத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். செய்யுளியலில் செய்யுள் வகைகள் ஏழு இருக்கின்றன: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். தேர்வுக்காக உருப்போட்ட வரிசை. நானும் ஏழு கொட்டான்தான் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தற்செயல்தான், ஆனாலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. விடுகதைக்கு இலக்கணத்தில் தனி இருக்கை போட்டவர் தொல்காப்பியர். உரையை வகைப்படுத்தும் இடத்தில் பொய்ம்மொழி என்று ஒன்றையும் நகைமொழி என்று ஒன்றையும் சொல்கிறார். பொய்ம்மொழிக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் எழுதிய உரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாக வரும் கதைகளாம். பொன்னியும் அவள் காதருகே வந்த குருவியும்! பிறை கவ்வி நடக்கும் மலையும் அதே பேராசிரியர் பிசிக்குக் காட்டிய எடுத்துக்காட்டுத்தான். என் சார்ட்டில் 'கதை என்பது கற்பனை' என்று ஒரு குற்றப்பத்திரிகை தொனி இருந்தது. இவர்களிடம் அது இல்லை. பொய்ம்மொழி ஒரு வகை, அதற்கென்று ஒரு நடை, அவ்வளவுதான்.

மறுநாள் சார்ட்டைக் கழற்றினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, கணக்குக்குப் பயன்பட்டது.

இந்தக் கதை பள்ளிக்கூட வாசலைத் தாண்டாமல் இருக்குமா? காலண்டரில் இருப்பதெல்லாம் விடுகதை என்று டீச்சர் சொன்னார்கள் என ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அவள் பாட்டி வந்து நின்றார். "ஏம்மா டீச்சர், நாள் நட்சத்திரம் பார்த்துப் போடுகிறதை விடுகதை என்று சொல்லலாமா?" நான் சொல்லவில்லை பாட்டி, பிள்ளைகள் போட்ட கொட்டான் என்றேன். நாளும் நட்சத்திரமும் தகவலில்தான் இருக்கின்றன என்று காட்டினேன். ராகு காலம் பாட்டில் இருப்பதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "காலையில் பார்த்தேன், விருச்சிகத்துக்குப் பகை என்று போட்டிருந்தது. உன்னிடம் சண்டைக்கு வருகிற மாதிரி ஆயிற்று பார்." பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

போன வாரம் துண்டுக்காரனின் அம்மா ஒரு கட்டுத் தாள் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த ஆண்டுக் காலண்டரில் அச்சு நகர்ந்து கழித்த தாள்கள். சிவப்பு மை எழுத்தை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது. வெட்டுவதற்கு இனி ஒரு வருடத்துக்குப் பஞ்சம் இல்லை. அவன் கட்டைப் பிரித்து ஜூன் மாதத் தாள்களை மட்டும் தேடி எடுத்தான். ஜூனில் அவன் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டான். எங்களிடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் மேஷத்தை மட்டும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவன் ஒரு தாளில் நின்றான். என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

மேஷம் – பயணம்.

"டீச்சர், இது பலித்துவிடும்" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு கத்தரிக்கோலைத் தேடாமல், அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.